லைப்ரரி கார்டு இருக்குல்ல, படம் எடுங்க

அமெரிக்கால இருக்கற நம்ம ஆளுங்க பசங்களுக்குக் கதை புத்தகம் எடுக்க வாராவாரம் பப்ளிக் லைப்ரரி போறாங்க, ஆனா அதே ஹால்ல நாலு வரிசை தள்ளி டிவிடியும் ப்ளூரேவும் அடுக்கி வெச்சிருக்கே, அந்தப் பக்கம் திரும்பக்கூட மாட்டாங்க. எனக்கு இதுல ரொம்ப ஆதங்கம். மூணு நாலு ஓடிடிக்கு மாசாமாசம் அழுதுட்டு பாக்க ஒண்ணுமே இல்லன்னு புலம்பறத விட, இலவசமா கிடைக்கறத எடுத்துப் பாக்கலாமே.

முதல்ல 'டோக்கியோ ஸ்டோரி' எடுங்க. ஜப்பான் டைரக்டர் ஓசுவோட படம், 1953. சின்ன ஊர்லேர்ந்து வயசான அப்பா அம்மா டோக்கியோல இருக்கற பிள்ளைங்களப் பாக்க வர்றாங்க. மூத்தவன் டாக்டர், ஞாயித்துக்கிழமை வெளில கூட்டிட்டுப் போக ரெடியாகும்போது பேஷன்ட் ஒருத்தருக்கு சீரியஸ்னு கூப்பிட்டுடறாங்க, பொண்ணு பார்லர் நடத்துது, அவளுக்கும் நேரமில்ல. போர்ல போன மகனோட பொண்டாட்டி நொரிகோதான் லீவு போட்டு ஊர் சுத்திக் காட்டறா, அப்புறம் தன்னோட ஒத்த ரூமுக்குக் கூட்டிட்டு வந்து, மாமனாருக்குக் குடுக்க பக்கத்து வீட்டுல போய் சாக்கே, அதான் அவங்க ஊர் அரிசி மது, கடன் வாங்கிட்டு வர்றா பாருங்க, அந்த ஒரு சீன் போதும். ஊர்லேர்ந்து அப்பா அம்மாவ ஆறு மாசத்துக்கு வரவெச்சு, பகல் முழுக்க நாலு சுவத்துக்குள்ள விட்டுட்டு ஆபீஸ் போற நாம பாத்தே ஆகணும்.

அடுத்து, அப்புங்கற பையனோட வாழ்க்கையச் சொல்ற சத்யஜித் ராயோட படங்கள் மூணும். 1993ல லண்டன் லேப்ல தீப்பிடிச்சு ஒரிஜினல் நெகட்டிவ் கருகிப்போச்சு, தேறினத வெச்சு இத்தாலில போலோன்யால ஃப்ரேம் ஃப்ரேமா சரிபண்ணி 2015ல புதுசா கொண்டு வந்தாங்க. கிரைட்டீரியன்னு பழைய நல்ல படங்கள டிஸ்க்கா போடற கம்பெனி இருக்கு, அவங்க ப்ளூரேவா பாத்து எடுங்க, யூட்யூப்ல கிடைக்கற மங்கல் பிரிண்ட் வேண்டவே வேண்டாம். இன்னொரு ஜப்பான் டைரக்டர் குரோசவாவோட 'இகிரு'வும் சேத்துக்கோங்க.

லைப்ரரி மூலமா ஆன்லைன்ல இலவசமா படம் பாக்கற கனோபி ஆப்பும் நல்லதுதான், உங்க லைப்ரரி அதுல சேந்திருந்தா கார்டு நம்பர் போட்டா போதும். ஆனா அதுல நாம பாக்கறதுக்கு ஏத்த மாதிரி லைப்ரரிக்கு பில் ஏறும், கட்டுப்படியாகலன்னு 2019ல நியூயார்க், ப்ரூக்ளின், குயின்ஸ் மூணு லைப்ரரியும் நிறுத்திட்டாங்க. டிஸ்க் அப்படியில்ல, ஒருதடவ வாங்கிட்டா தேயற வரைக்கும் யாருக்கு வேணா இரவல் குடுக்கலாம், இங்க காப்பிரைட் சட்டமே அதுக்கு இடம் குடுக்குது. தபால்ல டிவிடி அனுப்பிட்டிருந்த நெட்ஃப்ளிக்ஸும் 2023 செப்டம்பரோட கடைய மூடிட்டாங்க, அதனால இந்த மாதிரி பழைய படத்துக்கெல்லாம் லைப்ரரிதான் கதி.

உங்க பிராஞ்ச்ல இல்லையா, வெப்சைட்ல தேடி ஹோல்ட் போடுங்க, வேற பிராஞ்ச்லேர்ந்து வரவெச்சு சீட்டு சொருகி ஹோல்ட் ஷெல்ஃப்ல வெச்சிருப்பாங்க. பிளேயர் இல்லன்னா டிஸ்க் போடற பழைய பிளேஸ்டேஷன் 3 இல்ல 4 இருந்தாலே ஓடும்.

இத இப்பவே சொல்றதுக்குக் காரணம் இருக்கு. ரொம்ப நாளா யாரும் எடுக்காத டிஸ்க லைப்ரரி கழிச்சுடும், கொஞ்ச காசுக்கு சேல்ல போட்டுடுவாங்க, அப்புறம் திரும்ப வாங்க மாட்டாங்க. நாம எடுக்கற ஒவ்வொரு தடவையும் அது கணக்குல ஏறுது. புதுசா என்ன வாங்கலாம்னு நாம சொல்றதுக்கும் நிறைய லைப்ரரில ஃபார்ம் இருக்கு, தமிழ்ப் படம் வேணும்னா அதுல எழுதிக் கேளுங்க, நாலு குடும்பம் சேந்து கேட்டா கட்டாயம் கவனிப்பாங்க.