அறுபதாயிரம் ரூபாய், நேராக மட்டும் போகாது

நேற்று சாயங்காலம் கோல்ஃப் பயிற்சி ரேஞ்சில், அறுபதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய டிரைவரால், அதாவது தூரம் அடிக்கிற பெரிய மட்டையால், அறுபது பந்து அடித்தேன். நாற்பதுக்குக் குறையாமல் ஈட்டி மாதிரி போயின. பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, "என்ன டிரைவர் சார் இது?" என்று கேட்டார். நானும் பெரிய இவன் மாதிரி வாங்கிப் பார்க்கச் சொல்லி நீட்டினேன். இன்று காலை ஆறு இருபதுக்கு அதே டிரைவர், அதே கை, அதே ஷூ. முதல் டீயிலேயே, ஆட்டம் தொடங்குகிற இடத்திலேயே, மானத்தை வாங்கிவிட்டது.

என்ன தப்பு செய்தேன், சொல்லுங்கள். பந்து வைக்கிற டீக் குச்சியைக் குத்தினேன். பாதிப் பந்து டிரைவர் மண்டைக்கு மேலே தெரிய வேண்டும் என்பார்கள், தெரிந்தது. பந்து இடது குதிகாலுக்கு நேராக, சரி. வலது தோள் கொஞ்சம் தாழ, அதுவும் சரி. கிரிப்பைக் கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடித்தேன். வலப்பக்கம் முழுக்கக் காம்பவுண்டு சுவர். அதைப் பார்க்காதே என்று மனசுக்குச் சொன்னேன், மனசு அதை மட்டும்தான் பார்த்தது. பின்னால் மூன்று பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். சரியாக நான் மட்டையைத் தூக்கும் நேரம் பார்த்து ஒருவர் தொண்டையைச் செருமினார். ராத்திரி முழுக்க அந்தச் சளி எங்கே போயிருந்தது?

மேலே போகும்வரை ஒரு குறையும் இல்லை. மட்டை கீழே இறங்குவதற்குக் கால் நொடிதான் ஆகும். அந்தக் கால் நொடியில் எனக்கு நான்கு யோசனை. இடுப்பு முதலில் திரும்பட்டும் என்று ஒன்று. முழங்கையை ஒட்டி வை என்று ஒன்று. தலையைத் தூக்காதே என்று ஒன்று. நாலாவது, சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிற கார்களெல்லாம் யாருடையவை என்பது. பந்தும் டிரைவரும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு நொடியை இரண்டாயிரமாகப் பங்குபோட்டால் அதில் ஒரு பங்கு நேரம். அதற்குள் டிரைவரின் முகம், அதாவது பந்தில் படுகிற பக்கம், வலப்பக்கம் திறந்துகொண்டுவிட்டது.

பந்து கிளம்பும்போது நேராகத்தான் போனது. அதுதான் பெரிய கொடுமை. பின்னால் ஒருவர் "ஷாட்..." என்று வாயைத் திறந்து, பாதியில் மூடிக்கொண்டார். கல்யாண வீட்டில் கடன் கொடுத்தவனைக் கண்டவன் ஒதுங்குவானே, அப்படி நைசாக வலப்பக்கம் வளைந்து, சுவரைத் தாண்டி, ஏதோ தகரத்தின் மேல் டங் என்று விழுந்தது. ஓபி, அதாவது எல்லைக்கு வெளியே. அபராதம் ஒன்று, மறுபடி அதே இடத்திலிருந்து மூன்றாவது அடி.

"தலையைத் தூக்கிட்டீங்க சார்" என்றார் பின்னால் நின்றவர்களில் ஒருவர்.

பந்து வலப்பக்கம் போனாலும் இதே மருந்து, இடப்பக்கம் போனாலும் இதே மருந்து, தண்ணீரில் விழுந்தாலும் இதே மருந்து. தலையைத் தூக்காமல் இருந்திருந்தால் பந்து எங்கே போனது என்று எனக்கு எப்படி ஐயா தெரிந்திருக்கும்?

பந்து எந்தப் பக்கம் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் முகம்தான் தீர்மானிக்கிறது. முகம் ஒரு பக்கம், வீச்சின் பாதை ஒரு பக்கம் என்று விலகினால் வளைவு. வலப்பக்கம் போகிறதே என்று பயந்து இடப்பக்கம் திரும்பி நின்றால் வீச்சு இன்னும் குறுக்கே வெட்டும், ஸ்லைஸ், அதாவது இந்த வலப்பக்க வளைவு, இன்னும் கொழுக்கும். இதெல்லாம் எனக்கு மூன்று வருடமாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் இடப்பக்கம் திரும்பி நின்றேன். அதே சுவர், அதே டங். கன்சிஸ்டென்சி இல்லை என்று இனி யாரும் சொல்லக்கூடாது, இரண்டு பந்தும் பத்தடிக்குள் விழுந்திருக்கும்.

ஐந்தாவது அடி பந்தின் உச்சந்தலையில் பட்டு இருபது கெஜம் உருண்டது. அதற்கும் அந்த மூன்று பேரில் ஒருவர் "சேஃப்!" என்றார்.

கடையில் விற்கும்போது, "இது தப்பை மன்னிக்கிற டிரைவர் சார்" என்றார்கள். தலை 460 சிசி, விதிப்படி அதுதான் உச்சம். அரை லிட்டர் பால் பாக்கெட்டுக்கு 40 மில்லிதான் குறைவு. அவ்வளவு பெரிய தலையை வைத்துக்கொண்டு எலுமிச்சம்பழம் அளவு பந்தை நடு முகத்தில் வாங்கத் தெரியவில்லை. குதிப்பக்கம், அதாவது தண்டுக்குப் பக்கத்து ஓரத்தில், பட்டால் ஸ்லைஸ் சுழற்சி இன்னும் கூடுமாம். நன்றாக மன்னித்தது. வீடியோவில் ஒருவர் மெதுவாக வீசு என்கிறார், அடுத்தவர் பயப்படாமல் வெளுத்து வாங்கு என்கிறார். இரண்டையும் ஒரே ஸ்விங்கில் செய்து பார்த்தவன் நான்.

எங்களோடு ஆடும் பெரியவருக்கு எழுபத்திரண்டு வயது. பெயின்ட் உரிந்த பழைய டிரைவர். நூற்றைம்பது கெஜம்தான், ஆனால் நூல் பிடித்த மாதிரி நடு ஃபேர்வே, வெட்டிய புல்தரையின் நடுவில். ஒவ்வொரு தடவையும். பார்க்கவே எரிச்சலாக இருக்கும்.

மூன்றாவது ஹோலில் என் பையைத் தூக்கி வரும் கேடி பொறுக்கமுடியாமல், "ஒரு இஞ்ச் கீழ புடிங்க சார், முக்கால் ஸ்விங் போதும்" என்றார். பிடித்தேன். இரண்டு ஹோல் நேராகப் போனது. அப்புறம் சும்மா இருக்க முடிகிறதா? ஐந்தாவதில் முழு நீளம், முழு வீச்சு, முழு ஓபி. 1999 பிரிட்டிஷ் ஓப்பன் கோல்ஃப் போட்டியில் மூன்று ஷாட் முன்னிலையோடு கடைசி ஹோலுக்கு வந்த ஆட்டக்காரர் வான் டி வெல்டேயே டிரைவரைத்தான் உருவினார், பந்து வலப்பக்கம் பக்கத்து ஹோலுக்குப் போனது. கோப்பையும் போனது. நான் எம்மாத்திரம்.

ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் கேட் பக்கத்தில் பழைய பந்து விற்கிற பையன். பை நிறையப் பந்து. கிளறினேன். மூன்று பந்தில் தலா இரண்டு பச்சைப் புள்ளி, ஸ்கெட்ச் பேனாவால் நான் வைத்த அதே புள்ளி. ஒன்று இன்னும் ஈரமாகவே இருந்தது.

"தம்பி, இது என் பந்துப்பா."

"தெரியும் சார். மத்தவங்களுக்கு அம்பது, உங்களுக்கு நாப்பது."

சிரித்துவிட்டேன். வேறென்ன செய்ய? பேரம் பேசி மூன்றையும் நூறு ரூபாய்க்கு வாங்கி வந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு ஆகும்.