டிக்கியில் பூனையாம்!

நேற்று ராத்திரி 11 மணிக்கு ஃபோனைச் சுவரில் விட்டெறியாமல் இருந்ததே பெரிய விஷயம்.

ஃபோன் ஆப்பில் ஸ்பானிஷ் பாடம். நாலே வரிக் கதை. நடுரோட்டில் கார் பஞ்சர். டிரைவர் ஸ்டெப்னியை எடுத்துக் கீழே வைத்துவிட்டார். அடுத்த வரி, 'எல் காத்தோ எஸ்தா என் எல் மலேத்தேரோ'. இதில் 'காத்தோ'வுக்கு ஆங்கிலச் சொல்லை எழுதணும். ஜாக்கி டிக்கியில் இருக்கிறது, அவ்வளவுதானே? 'ஜாக்' என்று அடித்தேன். சிவப்புப் பெருக்கல் குறி. சரியான விடை 'கேட்'. பூனை டிக்கியில் இருக்கிறதாம்!

எழுத்துப் பிழையோ என்று மறுபடி அடித்தேன். தப்பு. 'கார் ஜாக்' என்று விளக்கமாகவே அடித்தேன். அதுவும் தப்பு. அடுத்த பாடம் திறக்க வேறு வழியே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு 'கேட்' என்று அடித்தேன். உடனே பச்சை டிக், திரை முழுக்க வண்ணக் காகிதம் கொட்டுகிறது. பூனையை வைத்தா காரைத் தூக்குவார்கள்?

காத்தோ என்றால் பூனைதான், யார் இல்லை என்றது? ஆனால் ஜாக்கியும் காத்தோதான். மாட்ரிட்டில் பிறந்தவரைக்கூடப் பேச்சுவழக்கில் காத்தோ என்பார்கள். இதெல்லாம் ரகசியமா? 1713இல் தொடங்கிய ஸ்பெயின் அரச மொழிக் கழகத்தின் அகராதி இன்றைக்கு இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது. ஒரு சொல்லுக்குக் கீழே எண் போட்டு ஒவ்வொரு பொருளாகக் கொடுத்திருக்கிறார்கள். காசு வாங்கிப் பாடம் நடத்துகிறவர்கள் அதை ஒருமுறை திறந்து பார்த்தால் என்ன?

இதைவிட வயிற்றெரிச்சல், சொல்லுக்கு முன்னால் வருகிற எல், லாவைக் கழற்றிவிடுவது. 'கூரா' என்று மொட்டையாகப் போட்டு 'பிரீஸ்ட்' என்கிறார்கள். எல் கூரா என்றால்தான் பாதிரியார். லா கூரா என்றால் சிகிச்சை. எல் கபித்தால் மூலதனம், லா கபித்தால் தலைநகரம். எல் கொமேத்தா வால்நட்சத்திரம், லா கொமேத்தா நாம் மொட்டைமாடியில் விடுகிற பட்டம். அந்த ரெண்டெழுத்துதான் பொருளையே பிரிக்கிறது. அதையும் வெட்டிவிட்டால் படிக்கிறவன் எதைப் பிடித்துக்கொண்டு மனப்பாடம் செய்வது?

தமிழ் படிக்க வருகிறவரிடம் 'ஆறு என்றால் சிக்ஸ்' என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு, 'ஆறு கரைபுரண்டு ஓடுகிறது' என்ற வரியை நீட்டினால் நாம் சும்மா இருப்போமா? ஸ்பானிஷ் என்றால் மட்டும் எப்படிப் போட்டாலும் பரவாயில்லையா?

புகார் பொத்தானை அழுத்தி ஒரு பத்தி எழுதி அனுப்பினேன். 'கருத்துக்கு நன்றி' என்று வந்தது. சரி என்று அடுத்த கேள்விக்குப் போனால், 'மே துவேலே லா முன்யேக்கா'. மணிக்கட்டு வலிக்கிறது என்று அர்த்தம். அவர்கள் வைத்திருக்கிற விடை 'டால்'. பொம்மை! எனக்குப் பொம்மை வலிக்கிறது!

காலையில் எழுந்து பார்த்தால் பேங்க் மெசேஜ். ஒரு வார்த்தை கேட்காமல் அடுத்த வருடச் சந்தாவையும் எடுத்துவிட்டார்கள்.