எழுதிய காலம் ஒன்று, படித்த காலம் வேறொன்று

ஆங்கில இலக்கிய வரலாற்றை நம் கல்லூரிகளில் மனப்பாடமாக ஒப்பிக்க வைக்கிறோம். பழைய ஆங்கிலம், சாசர், எலிசபெத், பியூரிட்டன், ரெஸ்டோரேஷன், ரொமாண்டிக், விக்டோரியன், மாடர்ன். எந்தக் கவிஞர் எந்தக் காலம் என்று பொருத்திவிட்டால் மதிப்பெண் வந்துவிடும். எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு. ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறையை முழுசாகப் படித்துவிட்டு எழுத உட்கார்ந்தது போன்ற எண்ணத்தை இந்த வரிசை உண்டாக்குகிறது. நடந்தது அப்படி இல்லை.

முதல் பாடத்திலேயே வரும் 'பியோவுல்ஃப்' காவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஒரே ஒரு கைப்பிரதிதான் மிஞ்சியிருக்கிறது. 1731ல் வெஸ்ட்மின்ஸ்டரில் ஆஷ்பர்ன்ஹாம் மாளிகை தீப்பற்றியபோது அதன் ஓரங்கள் கருகிப்போயின. முழுக் காவியமும் முதன்முதலில் அச்சேறியது 1815ல், அதுவும் கோபன்ஹேகனில். ஷேக்ஸ்பியர் பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரைப் படித்தார், அவரிடமிருந்து கதையும் எடுத்தார். பியோவுல்ஃபை அவர் படித்திருக்க வாய்ப்பே இல்லை. ஆங்கில இலக்கியத்தின் தொடக்கம் என்று நாம் சொல்லும் நூல் வாசகர் கைக்கு வரும்போது ரொமாண்டிக் கவிஞர் கீட்ஸ் இளைஞராகிவிட்டார்!

அப்புறம் ஜான் டன். 1631ல் இறந்தார், கவிதைகள் 1633ல் தொகுப்பாக வந்தன. அடுத்த நூற்றாண்டின் ரசனைக்கு அவர் ஒத்துவரவில்லை. டன் வழிக் கவிஞர்களை அக்கால விமர்சகர் சாமுவேல் ஜான்சன் கடுமையாகவே விமர்சித்தார். 1912ல் டன் கவிதைகளுக்கு அறிஞர் கிரியர்சனின் பதிப்பு வந்தது, 1921ல் மாடர்ன் கவிஞர் டி.எஸ். எலியட் இந்தக் கவிஞர்களைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அதற்குப் பிறகுதான் டன் மறுபடி பெரிய கவிஞரானார். எலியட்டைப் படிக்கப் போகிறவர் விக்டோரியன் கவிஞர் டென்னிசனுக்கு முன்னால் டன்னைப் படிக்க வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். பட்டியலில் டன்னுக்கும் எலியட்டுக்கும் நடுவே மூன்று நூற்றாண்டு இடைவெளி இருந்தால் என்ன?

ஹாப்கின்ஸ் கதை இன்னும் வேதனையானது. 1889ல் டப்ளினில் இறந்த பாதிரியார். நண்பர் ராபர்ட் பிரிட்ஜஸ் அவர் கவிதைகளைத் தொகுத்து வெளியிட்டது 1918ல்தான். அச்சடித்த 750 பிரதிகள் விற்கவே பத்தாண்டுக்கு மேல் ஆனது. 1930களின் இளம் கவிஞர்கள் அவரைத் தங்கள் காலத்துக் கவிஞராகவே படித்தார்கள். அவரை விக்டோரியன் என்பதா, மாடர்ன் என்பதா? இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டு ஒரு மணி நேரம் பேசவிட்டாலே போதும், அந்த இரண்டு காலங்களும் மாணவர்களுக்குப் புரிந்துவிடும்.

காலப் பிரிவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1642ல் பாராளுமன்றம் நாடக அரங்குகளை மூடியது, 1660ல் இரண்டாம் சார்லஸ் மன்னராகத் திரும்பிய பிறகு (அதுதான் ரெஸ்டோரேஷன்) அவை திறந்தன. பெண் வேடங்களில் பெண்களே நடிக்கத் தொடங்கினார்கள். அது உண்மையான எல்லைக்கோடு. தாராளமாக நடத்துங்கள். ஆனால் ஆசிரிய நண்பர்களே, கரும்பலகையில் அட்டவணை போடும்போது எழுதிய ஆண்டுக்குப் பக்கத்தில் வாசகர் கைக்கு வந்த ஆண்டையும் எழுதுங்கள். தாமஸ் ட்ராஹெர்ன் இறந்தது 1674ல், அவருடைய கவிதைகள் புத்தகமாக வந்தது 1903ல். அந்த இரண்டு எண்களையும் பார்க்கும் மாணவர் நடுவில் என்ன நடந்தது என்று கட்டாயம் கேட்பார்.