ஏர்போர்ட் போகிறவர்கள் தாம்பரத்திலேயே இறங்குங்கள்

நம்ம குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஏர்போர்ட் என்றாலே திருவனந்தபுரம்தான். கேரள எல்லையில் களியக்காவிளை தாண்டினால் வந்துவிடும். ஆனாலும் டிக்கெட் விலை குறைவு, ஏஜென்ட் சென்னையிலிருந்துதான் போட்டுக்கொடுத்தார், விசா வேலை சென்னையில் இருந்தது என்று ஏதோ ஒரு காரணத்துக்காகச் சென்னையில் விமானம் ஏறுகிறவர்களும் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் பலர் குழித்துறையிலோ நாகர்கோவிலிலோ ரயில் ஏறி, ராத்திரி முழுக்க உட்கார்ந்து போய், காலையில் விமான நிலையத்தின் எதிரிலேயே கடந்து, எழும்பூரில் இறங்கி, அங்கிருந்து டாக்சிக்கு நூற்றுக்கணக்கில் கொடுத்து வந்த வழியே திரும்பி வருகிறார்கள். இதைப் பார்க்கப் பார்க்க மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன்.

எழும்பூர் போகும் எல்லாத் தென்மாவட்ட ரயிலும் திரிசூலம் வழியாகத்தான் போகிறது. ஜி.எஸ்.டி. சாலை, அதாவது தெற்கே போகிற நெடுஞ்சாலைக்கு ஒரு பக்கம் விமான நிலையம், மறுபக்கம் திரிசூலம் ரயில் நிலையம். நடுவில் சாலைக்கு அடியில் சுரங்கப்பாதை. அவ்வளவுதான் தூரம். எக்ஸ்பிரஸ் ரயில்கள் அங்கே நிற்காது. ஆனால் தாம்பரத்தில் நிற்கும். தாம்பரத்தில் இறங்கி பீச் (சென்னை கடற்கரை நிலையம்) போகிற மின்சார ரயிலில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், அடுத்தது திரிசூலம். டிக்கெட் ஐந்து ரூபாய். 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய தடம் அது. சென்னைக்காரர்களுக்கு இது சாதாரண விஷயம். நமக்குத்தான் யாரும் சொல்வதில்லை.

சொல்கிறவர்களும் பாதி நேரம் "மீனம்பாக்கம்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். ஒருமுறை தாம்பரத்தில் ஏறிய பெட்டியில் குளச்சல் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாவும் மகனும் இருந்தார்கள். மகன் பஹ்ரைனுக்கு மீன்பிடி வேலைக்குப் போகிறான். காலுக்கடியில் நைலான் கயிறு சுற்றிய அட்டைப்பெட்டி. அதன் மேல் பட்டையான மார்க்கரில் பெயரும் இரண்டு போன் நம்பரும் எழுதியிருந்தது. உள்ளே முந்திரிக்கொத்தும் கருவாடும் இருப்பது வாசனையிலேயே தெரிந்தது. "மக்களே, மீனம்பாக்கம் எத்தனாவது ஸ்டேஷன்?" என்று அந்த அம்மா கேட்டார். "அங்க போகாதீங்கம்மா, அதுக்கு முந்தின திரிசூலத்துல இறங்குங்க" என்றேன். நம்பவில்லை. "ஏஜென்ட் மீனம்பாக்கம்னுதானே சொன்னாரு" என்று மகன் முகத்தைப் பார்த்தார். பல்லாவரம் தாண்டியதும் ஜன்னல் வழியாக விமான நிலையக் கட்டடத்தைக் காட்டிய பிறகுதான் எழுந்தார்கள். ரயில் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அட்டைப்பெட்டியை ஒரு பக்கம் நானும் மறுபக்கம் அவனுமாகப் பிடித்து இறக்கினோம்.

அவர்கள் மேல் தப்பில்லை. பழைய விமான நிலையக் கட்டடம் மீனம்பாக்கத்தில்தான் இருந்தது. 1985-ல் உள்நாட்டு முனையமும், 1989-ல் பன்னாட்டு முனையமும் திரிசூலம் பக்கம் வந்தன. ஊரார் வாயில் மட்டும் பழைய பெயரே நின்றுவிட்டது. (அந்த உள்நாட்டு முனையத்துக்குக் காமராஜர் பெயர். 1969 இடைத்தேர்தலில் நாகர்கோவில் எம்.பி. ஆனவர். நம்ம ஆட்களுக்கு அந்தப் பக்கம் ஓர் உரிமை உண்டு என்றே எனக்குத் தோன்றும்.) மெட்ரோவிலும் இதே குழப்பம் உண்டு. அங்கேயும் மீனம்பாக்கம் என்று ஒரு நிலையம் இருக்கிறது, அதற்கு அடுத்ததுதான் விமான நிலையம்.

மெட்ரோவைப் பற்றிக் குறையாகச் சொல்ல மாட்டேன். 2016 செப்டம்பரில் விமான நிலையம் வரை வந்தது. ஏசி உண்டு, லிஃப்ட் உண்டு, முனையங்களுக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடும். சென்னைக்குள் வீடு இருக்கிறவருக்கு அது நல்ல ஏற்பாடு. தெற்கிலிருந்து வருகிறவருக்கு அது எதிர்த்திசையில் தொடங்குகிறது. எழும்பூர் வரை போய்விட்டவர் மெட்ரோவில் திரும்பி வரவேண்டும் என்றால், ஆலந்தூரில் பெட்டி படுக்கையோடு மாற வேண்டியும் வரலாம். காலை ஐந்து மணிக்கு முன்னாலும் ராத்திரி பதினொன்றுக்குப் பிறகும் மெட்ரோ இல்லை. வளைகுடா விமானங்கள் பலவும் அந்த நேரத்தில்தான் வந்து போகின்றன. ராத்திரி ஒரு மணிக்கு இறங்குகிறவருக்கு மெட்ரோவும் கிடையாது, மின்சார ரயிலும் கிடையாது. விடியும்வரை உட்கார வேண்டும், இல்லையென்றால் டாக்சி கேட்கிற காசைக் கொடுக்க வேண்டும். இரண்டு வருஷம் கழித்து ஊருக்கு வருகிற மனிதனுக்கு முதல் செலவு அதுதான்.

பஸ்ஸில் போகிறவர்கள் பாடு இன்னும் மோசம். 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தார்கள். மார்த்தாண்டம், நாகர்கோவில் அரசு பஸ்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு 15.46 கிலோமீட்டர் மெட்ரோ நீட்டிப்பு, 13 நிலையங்கள் என்று திட்ட அறிக்கை இருக்கிறது. ரயில் ஓடக் காணோம். பேருந்து முனையத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோகும் முடிவும், அங்கிருந்து ரயில் விடும் முடிவும் ஒரே நாளில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு விஷயம். திரும்பி வருகிறவர்கள் சாயங்கால நேரத்தில் கவனமாக இருங்கள். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸைத் தாம்பரத்தில் பிடிக்கலாம் என்று திரிசூலத்தில் நின்றால், அந்த நேரத்துக்கு ஆபீஸ் விட்ட கூட்டம் மின்சார ரயிலில் கதவு வரை தொங்கும். பெரிய பெட்டியோடு முதல் ரயிலில் ஏற முடியாது என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் கூடுதலாக இருந்தால் நிம்மதி.

நம்ம மாவட்டத்தில் எம்.பி.யிடம் கொடுக்கிற ரயில் மனுக்கள் எல்லாம் இரணியலில் நிறுத்தம், குழித்துறையில் நிறுத்தம் என்றே இருக்கும். நியாயமான மனுக்கள்தான், நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அப்புறம் சென்னைப் பக்கத்து முனைக்கும் ஒரு மனு போடுவோம். திரிசூலத்தில் எக்ஸ்பிரஸை நிறுத்தச் சொல்லவில்லை, தாம்பரம் போதும். தாம்பரம் வரும் முன் ரயிலுக்குள் "விமான நிலையம் செல்வோர் இங்கே இறங்கவும்" என்று தமிழில் ஓர் அறிவிப்பு. நடைமேடையில் இறங்கியதும் மின்சார ரயிலுக்கு வழிகாட்டும் பெரிய பலகை. நள்ளிரவில் வந்து இறங்குகிறவர்களுக்காக விமான நிலையத்திலிருந்து தாம்பரத்துக்கும் கிளாம்பாக்கத்துக்கும் விடிய விடிய பஸ். மூன்றாவதற்கு மட்டும்தான் கொஞ்சம் காசு செலவாகும்.

மனு எழுதத் தெரிந்தவர்கள் கமென்ட்டில் சொல்லுங்கள், சேர்ந்து எழுதலாம். சென்னையில் விமானம் ஏறப்போகிறவர் யாராவது உங்கள் தெருவில் இருந்தால், இதை அவருக்கு இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.