எஃப்.ஆர். கேபிள் 'எரியாத' கேபிள் அல்ல

"கப்பலில் போடுகிற எஃப்.ஆர். கேபிள் எரியவே எரியாது, கோத்தகிரி காட்டேஜ் மரக்கூரைக்குள் பைப் இல்லாமலே இழுத்துவிடலாம்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் இதை நம்பி வேலை செய்துவிடாதீர்கள்.

பதினோரு வருடம் கப்பலில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன் நான். எஃப்.ஆர். (ஃப்ளேம் ரிடார்டன்ட்) என்றால் தீ மெதுவாகப் பரவும், அவ்வளவுதான். தீக்குள்ளும் மின்சாரம் கொண்டுபோகும் கேபிள் வேறு வகை. ஒற்றைக் கேபிளாகச் சோதனையில் தேறியதையே முப்பது சேர்த்துக் கட்டி நிமிர்த்திவைத்தால், தீ அதன் வழியாக மேலே ஏறிவிடக்கூடும். அதனால்தான் ஐ.இ.சி. 60332 என்ற சர்வதேச கேபிள் தரநிலையில் கட்டுக் கேபிளுக்குத் தனிச் சோதனை இருக்கிறது. கேபிளின் தீத்தடுப்புத் தன்மை கெடாதபடி பொருத்தவேண்டும் என்று சோலாஸ் என்னும் சர்வதேசக் கப்பல் பாதுகாப்பு விதியே சொல்கிறது. தடுப்புச் சுவரில் கேபிள் நுழையும் ஓட்டையைக்கூட அடைக்காமல் விடமாட்டோம்.

அப்புறம் புகை. வயரின் சாதாரண பிவிசி உறை எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், கண்ணும் தொண்டையும் எரியும். குளிருக்கு ஜன்னலைச் சாத்தித் தூங்குகிற நம் ஊர் அறையில் என்ன ஆகும், யோசியுங்கள்.

போன மாதம் குன்னூர் பக்கம் ஒரு வீட்டில் கூரைப் பலகையைக் கழற்றினேன். வயரின் மேலுறை பழுப்பேறி, நகம் பட்டதும் அப்பளமாக உதிர்ந்தது. இரண்டு ஹீட்டர், ஒரு கீசர், ஆளுக்கு 2000 வாட்; மொத்தம் 26 ஆம்பியர், எல்லாம் ஒரே மெல்லிய 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் லைனில்! கீசருக்குத் தனி லைன், பொருத்தமான எம்.சி.பி. (மின்சாரம் மிகுந்தால் தானே அணையும் சுவிட்ச்), பைப் மூன்றும் கட்டாயம் போடுங்கள்.