அந்த 95% எதற்கான மதிப்பெண்?

'கடையில் முகபாவத்தைப் படிக்கும் கேமரா வைத்தால், வருகிறவர் மனதில் இருப்பதை 95% சரியாகச் சொல்லிவிடும்' என்று ஓர் அண்ணன் எழுதியதைப் பலரும் பகிர்கிறார்கள்.

அண்ணே, அந்தச் சதவீதம் மனதைப் பற்றியது இல்லை. ஒரு முகப் படத்துக்கு 'கோபம்', 'மகிழ்ச்சி' என்று யாரோ முன்பே போட்டுவைத்த லேபிளோடு இயந்திரத்தின் விடை எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கான கணக்கு அது. படத்தில் இருப்பவர் என்ன உணர்ந்தார் என்று பெரும்பாலும் யாரும் கேட்டதே இல்லை. 95 மாதிரியான எண் வருவது பெரும்பாலும் சிகே பிளஸ் (CK+) மாதிரியான சோதனைப் படத் தொகுப்புகளில். ஆய்வகத்தில் முகபாவம் காட்டச் சொல்லி எடுத்தவை அவை. இணையத்தில் திரட்டிய எஃப்இஆர்-2013 (FER-2013) என்ற தொகுப்பில் 35,887 படங்கள், ஒவ்வொன்றும் 48×48 பிக்சல், கறுப்பு வெள்ளை. அதில் மனிதர்களே லேபிளோடு ஒத்துப்போனது சுமார் 65% தான்!

நீங்களே பார்க்கலாம். முகபாவம் காட்டும் இலவச ஆப் ஒன்றை இறக்குங்கள். உச்சி வெயிலில் மாசி வீதியில் கண்ணை இடுக்கிக்கொண்டு ஒரு படம், அதே ஆளை நிழலில் ஒரு படம். புருவம் இறங்கி நெருங்குவது கோபத்திலும் நடக்கும், வெயில் கூச்சத்திலும் நடக்கும். முதல் படத்தில் 'கோபம்' என்பதற்கான மதிப்பெண் ஏற வாய்ப்பு அதிகம். அப்புறம் உள்ளுக்குள் எரிச்சலோடு பல் தெரியச் சிரித்துப் பாருங்கள், பெரும்பாலும் 'மகிழ்ச்சி' என்றே வரும்.

வாங்கப் போகிறவர்கள், எந்தத் தொகுப்பில் சோதித்தது, லேபிளை யார் போட்டது என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்.