மைல் அட்டவணையில் திருநெல்வேலி எந்த மண்டலம்?

விமான நிறுவனங்கள் தரும் வெகுமதிப் புள்ளிகளான மைல்களைச் சேர்த்து விமான டிக்கெட் எடுப்பதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் எத்தனை மைல் இருந்தால் எங்கே போகலாம் என்பதை மட்டுமே எழுதுகிறார்கள். உலகத்தை மண்டலங்களாகப் பிரித்து, எங்கிருந்து எங்கே போக எத்தனை மைல் என்று விமான நிறுவனம் போட்டிருக்கும் அட்டவணையில் நாம் கிளம்புகிற ஊர் எந்த மண்டலத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது என்று கேட்பவர் குறைவு. பாளையங்கோட்டையிலும் வள்ளியூரிலும் கடையநல்லூரிலும் பிள்ளைகளை அமெரிக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பிவிட்டு இருக்கும் பெற்றோர்கூடக் கிரெடிட் கார்டு பாயிண்ட்டுகளை மைலாக மாற்றத் தொடங்கிவிட்ட இந்தக் காலத்தில், தெற்குக் கோடியில் இருக்கும் நமக்கு அந்தக் கேள்விதான் முதலில் வரவேண்டியது என்பது என் கருத்து.

இந்த மண்டலங்களுக்கும் பள்ளிக்கூடத்தில் படித்த நிலவரைபடத்துக்கும் பெரிதாகத் தொடர்பு கிடையாது. விமான நிறுவனங்களின் பொது அமைப்பான ஐயாட்டாவே மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா ஆகிய மூன்றையும் ஐரோப்பாவிலும், எகிப்தையும் சூடானையும் மத்திய கிழக்கிலும் வைத்துத்தான் கட்டணக் கணக்குப் பார்க்கிறது. அமெரிக்கன் ஏர்லைன்ஸின் அட்டவணையில் ஹவாய் தன் நாட்டை விட்டுப் பிரிந்து தனி மண்டலமாக நிற்பதைப் பார்க்கலாம்; விடுமுறைக்குக் கூட்டம் அலைமோதும் தீவுக்குத் தனி விலை வைக்கும் ஏற்பாடு அது. எனக்கு மிகவும் பிடித்தது ஏர் கனடாவின் ஏரோபிளான் திட்டம். 2020 நவம்பரில் புதுப்பிக்கப்பட்ட அந்தத் திட்டம் உலகத்தை வட அமெரிக்கா, தென் அமெரிக்கா, அட்லாண்டிக், பசிபிக் என்று நான்காகப் பிரித்து, இந்தியாவை ஐரோப்பாவோடும் ஆப்பிரிக்காவோடும் சேர்த்து அட்லாண்டிக்கில் போட்டிருக்கிறது. புன்னக்காயலில் போய் மன்னார் வளைகுடாவில் கலக்கும் தாமிரபரணியின் கரையில் இருந்துகொண்டே நாமும் அட்லாண்டிக்காரர்கள் ஆகிவிட்டோம்.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் கோடு எங்கே விழுகிறதோ அங்கேதான் மைலின் மதிப்பும் மாறுகிறது. நம் டவுன் பஸ்ஸில் ஸ்டேஜ் மாறுவதற்கு ஒரு நிறுத்தம் முன்னால் ஏறியவர் கூடுதலாக ஒரு ஸ்டேஜுக்குக் காசு கொடுப்பதைப் போன்ற கணக்கு இது. எந்தப் பக்கம் போகிறோம் என்பதைப் பொறுத்து அதே கோடு லாபமாகவும் இருக்கும், நட்டமாகவும் இருக்கும்.

முதலில் கிழக்குப் பக்கம் பார்ப்போம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைல் திட்டத்தின் அட்டவணையில் சீனா வடக்கு, தெற்கு என்று இரண்டு மண்டலம். ஆஸ்திரேலியாவில் பெர்த் ஒரு மண்டலம், சிட்னியும் மெல்பர்னும் வேறு மண்டலம். அமெரிக்காவும் மேற்குக் கரை, கிழக்குக் கரை என்று பிரிந்திருக்கிறது. இந்தியா மட்டும் இலங்கை, மாலத்தீவு, நேபாளம், வங்கதேசம் ஆகியவற்றோடு ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டிருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து சென்னை ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். டெல்லி 4,100 கிலோமீட்டருக்கும் மேல். இரண்டுக்கும் ஒரே மைல். சீனாவுக்குப் போட்ட கோட்டை விந்திய மலையிலும் போட்டிருந்தால் நமக்குக் குறைந்திருக்கும். டெல்லிக்காரரின் தூரத்தில் ஒரு பகுதியை நாம்தான் சுமக்கிறோம் என்று நான் சொன்னால் வடக்கே இருக்கும் நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இந்தப் பக்கத்துக்குப் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் ஏவியாஸ் புள்ளிகளுக்கு வைத்திருப்பதைப் போன்ற தூரக் கணக்கே பொருத்தமானது. அங்கே ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியே தூரம் பார்த்து விலை வைக்கிறார்கள். தூரம் 650 மைலுக்குள் இருந்தால் மிகக் குறைந்த விலைப் படி. சென்னையிலிருந்து கொழும்பு சுமார் 400 மைல்தான், மதுரையிலிருந்து இன்னும் குறைவு. ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் 2014 முதல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் இருக்கும் ஒன்வேர்ல்டு கூட்டணியில் இருப்பதாலும், கூட்டணிக்குள் ஒரு நிறுவனத்தின் புள்ளியை இன்னொன்றின் விமானத்தில் செலவழிக்கலாம் என்பதாலும், கொழும்பில் சொந்தமும் வியாபாரமும் உள்ள நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு இது கையில் இருக்கும் வழி. மண்டலக் கணக்கில் இதே பயணம் வீண் செலவு. அமெரிக்கன் ஏர்லைன்ஸின் அட்டவணை இந்தியத் துணைக்கண்டத்தையும் மத்திய கிழக்கையும் ஒரே மண்டலமாக வைத்திருப்பதால், கொழும்புக்குப் போகும் ஒரு மணி நேரப் பயணமும் தோஹா வழியாக ஜோர்டானின் அம்மானுக்குப் போகும் பயணமும் அங்கே ஒரே விலை.

மேற்கே, அதிலும் அமெரிக்காவுக்கு என்று வந்தால், கணக்கு அப்படியே தலைகீழாகிறது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2016 மார்ச்சில் கொண்டுவந்த அட்டவணைப்படி, கூட்டணி நிறுவனங்களின் விமானங்களில் அமெரிக்காவுக்கும் நம் மண்டலத்துக்கும் இடையே ஒரு வழிக்குச் சாதாரண வகுப்பில் 40,000 மைல், பிசினஸ் வகுப்பில் 70,000. டெல்லியில் இறங்கினாலும் திருவனந்தபுரத்தில் இறங்கினாலும் அதே விலைதான், மாலத்தீவின் மாலேக்கும் அதுவே. தெற்குக் கோடியில் இருப்பவருக்கு இங்கே ஆதாயம். ஏரோபிளானிலோ மண்டலத்துக்குள்ளே தூரப் படியும் உண்டு. டொரண்டோவிலிருந்து நேராக டெல்லி 7,200 மைல் சொச்சம் தூரம், 6,001 முதல் 8,000 வரை உள்ள படியில் அடங்கிவிடுகிறது. அங்கிருந்து சென்னைக்கு இன்னொரு விமானம் ஏறினால் 8,000 மைலைத் தாண்டி அடுத்த படிக்குப் போய்விடுகிறோம். ஆகவே கிழக்கேயும் பக்கத்து நாடுகளுக்கும் தூரக் கணக்கு, அமெரிக்காவுக்கு மண்டலக் கணக்கு என்று பிரித்து வைத்துக்கொள்வது நமக்கு ஏற்றது. டெல்லியிலும் மும்பையிலும் இருந்து எழுதுகிறவர்களின் யோசனையை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

மண்டலக் கணக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. எங்கள் தெருவில் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் சான் பிரான்சிஸ்கோ பக்கம் இருக்கும் மகள் நம் ஊருக்கு வருவதற்காக ஓர் அமெரிக்க நிறுவனத்தின் மைல்களை வைத்து ஹாங்காங் வழியாகச் சென்னைக்கு டிக்கெட் தேடிக்கொண்டிருந்தார். "ஹாங்காங் வழியா வந்தா என்ன கெட்டுப்போச்சு? அதுக்கு எதுக்கு ரெண்டு டிக்கெட் மைலு கேக்கான்?" என்றார். "அண்ணாச்சி, அவங்க கணக்குல ஹாங்காங்தான் ஆசியா. நாம ஆசியாவுல கிடையாது" என்றேன். ஒரு மண்டலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது மூன்றாவது மண்டலத்தைத் தொட்டால் இரண்டு பயணமாகக் கணக்கிடுவது அந்த விதி. ஐரோப்பாவுக்கு மட்டும் அதில் விலக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். தோஹா நம் மண்டலத்துக்குள்ளேயே வருவதால் சிக்கல் இல்லை. லண்டன் வழியாக வந்தால் மைல் ஒரு டிக்கெட்டுக்கு உள்ளதுதான் என்றாலும், ரொக்கமாகக் கட்ட வேண்டிய கூடுதல் கட்டணத்தைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார். கடைசியில் தோஹா வழியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

இவ்வளவு கோணல் இருந்தும் அட்டவணை இருப்பதே நல்லது என்பேன். டெல்டா 2015-இலும் யுனைடெட் 2019-இலும் தங்கள் அட்டவணைகளை எடுத்துவிட்டன. ஏர் பிரான்ஸ்–கேஎல்எம்மின் ஃபிளையிங் புளூ திட்டமும் 2018-இல் மண்டல அட்டவணையைக் கைவிட்டது. அதற்கு முன் இஸ்ரேலும் மொராக்கோவும் அங்கே ஐரோப்பாவாக இருந்ததால் பலன் அடைந்தவர்கள் பலர். அட்டவணை போன இடத்தில் அன்றைய கிராக்கிக்கு ஏற்ப விலை ஏறி இறங்குகிறது. பண்டிகைக்கும் கோடை விடுமுறைக்கும் மட்டுமே ஊருக்கு வர முடிகிற பிள்ளைகளுக்கு அது எப்போதும் ஏறிய விலைதான். அட்டவணை இருந்தால் இந்தியாவை ஏன் இரண்டாகப் பிரிக்கவில்லை என்று கேட்கவாவது இடம் உண்டு. இல்லாத அட்டவணையில் எந்தக் கோட்டைக் காட்டிக் கேட்பது?

கார்டு பாயிண்ட்டை ஒரு நிறுவனத்தின் மைலாக மாற்றிவிட்டால் பொதுவாகத் திரும்பப் பெற முடியாது. மாற்றும் முன் அந்த நிறுவனம் இன்னும் அட்டவணை வெளியிடுகிறதா, அதில் இந்தியா எந்த மண்டலம், நீங்கள் மாறி ஏறும் ஊர் எந்த மண்டலம் என்ற மூன்றையும் பார்த்துவிடுங்கள்.